அப்பாவுக்காக அடித்த மணி

அன்பு மகள் எப்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே நலம். கனடாவில் நீயும் மாப்பிள்ளை ஜாஸ்பரும் சுகம்தானே? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று பதறாதே. நீ கூப்பிட்டாலே அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதுபடச் சொல்ல முடியாத சங்கதி இது.

நலம் என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது. போன செவ்வாய்க்கிழமை காலையில் காப்பித்தூள் வாங்கப் போனவர் மூன்று மணியாகியும் வரவில்லை. ஆற்றுப் படித்துறை, கல்மண்டபம், வாழைத்தோட்டம் எல்லாம் தேடியாயிற்று, ஆளைக் காணோம். அப்போதுதான் ஒன்று தோன்றியது. துக்க மணி கேட்டால் உன் அப்பா சாப்பாட்டில் இருந்தாலும் கையை உதறிவிட்டுக் கோயிலுக்கு ஓடுவார் இல்லையா, வாசல் பலகையில் இறந்தவர் பேரை எழுத. நாற்பது வருஷப் பழக்கம். மணி அடிக்கிற கிருபைராஜிடம் போய் நின்றேன். "ஆளு சாவாம துக்க மணி அடிச்சா பாதிரி அய்யரு ஏசுவாருக்கா" என்று மல்லுக்கு நின்றான். நான் போட்ட சத்தத்தில் கயிற்றைப் பிடித்தான்.

ஊரே திரண்டுவிட்டது போ. படுக்கையில் கிடக்கிற சாரம்மாள் பெரியம்மாதான் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துப் பாதிப் பேர் அவள் வீட்டுக்கு ஓட, "நான் இருக்கேன் வே, போய் சோலியப் பாருங்க" என்று விரட்டினாளாம். அந்தக் கூத்துக்கு நடுவில் வாய்க்கால் பாலத்து வழியாக உன் அப்பா வந்தார். முழங்கால் வரை சகதி, கையில் காப்பித்தூள் பொட்டலம். நேராகப் போய்ச் சாக்குக்கட்டியை எடுத்து, "ஏளா, யாரு பேர எழுத?" என்றார்.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. இத்தனை பேர் முன்னால் உங்களைத் தேடித்தான் அடித்தோம் என்று எப்படிச் சொல்வேன்? "துக்கம் இல்லங்க, நம்ம எப்சி அசனத்துக்கு வாரா, அதச் சொல்லத்தான் மணி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். கோயில் வாசலில் பொய் சொன்னதற்கு ஆண்டவர் மன்னிக்கட்டும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எப்சி வருகிறாள்" என்று முத்துமுத்தாக எழுதிவிட்டார்.

ஊர்ச் சாப்பாட்டு அசனம் அடுத்த மாதம் இருபதாம் தேதி. லீவு கிடைக்காது என்று சொல்லாதே மக்களே, உன்னை அவருக்கு அடையாளம் தெரியும்போதே வந்துவிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. பலகையை இன்னும் யாரும் அழிக்கவில்லை. தினமும் சாயங்காலம் அப்பா போய் அதை வாசித்துவிட்டு வருகிறார்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ஜெபகனி பாக்கியசீலன்