சாமிப்பாறையின் இரண்டு பக்கம்

அக்கா,

இன்று சாப்பாட்டு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கட்டிங் செக்‌ஷனுக்கு வெளியே குவித்திருந்த வேஸ்ட் துண்டுகள் நனைந்து, ஈரத்தோல் வாசனை நாங்கள் தைக்கிற இடம் வரை வந்தது. ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு அது ஒரு வாசனையே இல்லை. ஆனால் இன்று அதற்குள் எனக்கு மலை தெரிந்தது. மேகம் இறங்கி நின்ற சாமிப்பாறை. அதன் அடியில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு செடியின் இலையைக் கன்னத்தில் உரசிப் பார்க்கிற நீங்கள்.

ஒன்பதாவதோடு நின்று நான் ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்த வருஷம் அது. சர்ச்சில்கூடக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காருவேன். நீங்கள் எங்கள் தெருவிலிருந்து வேலூருக்கு ரயிலில் போய், காலேஜில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தீர்கள். ஜவ்வாது மலைக்குத் தனியாக அனுப்ப உங்கள் அம்மாவுக்குப் பயம். துணைக்கு என்னைக் கேட்டு வீட்டுக்கு வந்தீர்கள்.

"இவ வாயே தொறக்கமாட்டாளே, துணைக்கு வந்து இன்னா பண்ணுவா?" என்றாள் அம்மா.

"ரொம்ப நல்லது ஆன்ட்டி. நான்தான் ஜாஸ்தி பேசறேனே" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது நினைத்தால் தூக்கத்துக்குள் நடந்து போனதுபோல இருக்கிறது. ஒடுகத்தூரில் இறங்கி மலை பஸ்ஸுக்குக் காத்திருப்போம். நிலக்கடலைக் கொல்லைகள் கீழே போய்க்கொண்டே இருக்கும். காது அடைத்துக்கொள்ளும்போது நாம் வேறு காற்றுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். சர்ச்சுக்குப் போகாத குறை எனக்கு உறுத்தும். மேலே போய் ஜெபம் பண்ணிக்கலாம், அங்கிருந்து தூரம் கம்மி என்பீர்கள்.

நாம் தேடிப்போன செடிக்கு நீளமான லத்தீன் பேர் ஒன்று இருந்தது. எனக்கு அது வாயில் நுழையவே இல்லை. மலையில் அதைச் சுள்ளி என்றார்கள். அடுப்புக்குப் போகிற எல்லாமே அங்கே சுள்ளிதான். "உலகத்துலயே இந்தப் பக்கத்து மலைங்கள்ல மட்டும்தான்டி இது இருக்குது" என்றீர்கள் ஒருநாள். நாங்கள் தைக்கிற ஷூ கப்பலேறி, பேர் தெரியாத தேசங்களுக்கெல்லாம் போகிறது. எங்கேயும் போகாமல், இருக்கிற இடத்திலேயே இருக்கிற ஒன்றைத் தேடி இவ்வளவு தூரம் ஒருவர் வருவார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாமிப்பாறைக்கு மேல்பக்கம், வெயில் காய்கிற வெடிப்புகளில், அந்தச் செடி என் முழங்கால் உயரம்தான். இலை நகம் அளவு, தடித்து, சாம்பல் பூத்த ரோமத்தோடு. பாறைக்குக் கீழே ஓடை நிழலில் அதே செடி என்னைவிட உயரம். இலை அகலமாக, குழந்தையின் காதுபோல மெத்தென்று இருக்கும். இரண்டும் ஒன்றுதானா, வேறு வேறா என்பதுதான் உங்கள் கேள்வி. போகப்போக இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. மேல்பக்கம் பெரியதும் சிறியதும் குடும்பமாக நின்றன. கீழ்ப்பக்கம் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்தவை மட்டும்தான். பூத்து விதை விடுவதற்குள் விறகுக்கு வெட்டிவிடுவார்கள். "கொழந்தையே இல்ல பாரு. இப்ப இருக்கறதும் போச்சுன்னா கீழ்ப்பக்கம் அவ்ளோதான்" என்றீர்கள். பிறகு ஒவ்வொரு செடியின் முன்னாலும் உட்கார்ந்து, அளந்துகொண்டே அதனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அளந்த செடிகளுக்குக் கட்டிய அட்டைகள் மழையில் கரைந்துபோயின. தோலில் கட்டலாமே என்று நான்தான் சொன்னேன். நான் உங்களிடம் சொன்ன முதல் யோசனை. கம்பெனி வேஸ்ட் துண்டில் நம்பர் குத்தி, பை நிறையக் கொண்டுபோனோம். சாமிப்பாறைக்கு முன்னால் எல்லோரையும்போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினோம். அன்று முழுவதும் கட்டினோம்.

அடுத்த முறை போனபோது ஒன்றுகூட இல்லை. எல்லாத் துண்டுகளும் ஒற்றையடிப் பாதையோரம் ஒரு கல்மேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் விறகுச் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பொன்னியம்மா நின்றிருந்தார். அந்த மலை ஊர்க்காரர். அதுவரை நம்மைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி.

"செருப்ப அங்க வுட்டுட்டு வர்றீங்க. தோல மட்டும் சாமிகிட்ட கொண்டாந்து கட்றீங்களே கண்ணு" என்றார்.

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இறங்கி வருகிற வழியெல்லாம் சிரித்தீர்கள். தோலுக்குள்ளேயே வாழ்கிற நம் கண்ணுக்கு அது தோலாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் மஞ்சள் கயிறு. ஒடுகத்தூர் கடையில் வாங்கினோம். பச்சைக்கு நடுவே பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான் நம் எண்ணம். பாஸ்டருக்குத் தெரியவேண்டாம் என்று என் வாயைப் பொத்திக் காட்டினீர்கள். அந்த வருஷம் கீழ்ப்பக்கத்தில் கயிறு கட்டிய ஒரு செடியையும் யாரும் வெட்டவில்லை. மழை முடிந்து போனபோது நிழலுக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கடுத்த மழையில், உதிர்ந்த இலைகளை விலக்கினால் விரல்நுனி அளவு கன்றுகள். நீங்கள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். பனி நம்மேல் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

பஸ்ஸில் வரும்போது முகம் மாறியிருந்தது. "சாமிக்கு நேர்ந்துவுட்டதுன்னு நெனச்சிக்கினு வுட்டிருக்காங்க. நாம அவங்கள ஏமாத்தறோம்டி" என்றீர்கள். அடுத்த தடவை உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வெட்டிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது என்றீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அந்த அடுத்த தடவை வரவே இல்லை. உங்கள் அம்மா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலேயே, அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. என்னைப் பார்க்க விட்ட அன்று நீங்கள் கேட்டது ஒன்றுதான். "சொல்லிடறியா?"

தலையாட்டினேன். அதைச் செய்ய எனக்கு ஒரு வருஷம் ஆனது, அக்கா. பயம் இரண்டு. ஆட்களிடம் பேசும் பயம் ஒன்று. என் வாயாலேயே அந்தக் கன்றுகளை அரிவாளுக்குக் காட்டிக் கொடுக்கிறேனோ என்ற பயம் இன்னொன்று.

போன மாதம் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அம்மா மூச்சு வாங்கிப் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். ஓடையில் பொன்னியம்மா தனியாகத் துணி அலசிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு வரலையா என்று கேட்டார். நான் நின்ற விதத்திலேயே புரிந்துகொண்டார். துணியைப் பிழியாமல் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது சொன்னேன். அது சாமிக் கயிறு இல்லை, அளந்ததற்கு அடையாளம்தான், உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை, அந்தச் செடி வேறெங்கும் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியுமே" என்றார். "வேண்டுதல்னா கயித்துல காசு வெச்சு முடிஞ்சு கட்டுவோம். அது வெறுங்கயிறு. கட்டின அன்னைக்கே பாத்துட்டோம்."

"அப்ப ஏன் வெட்டல?"

தெரியாத ஒருவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணு முன்னாலயும் குந்திக்கினு பேசிக்கினு இருந்துச்சே. அதப் பாத்தப்புறம் எப்படிக் கண்ணு வெட்றது?"

அந்த வார்த்தைகளைத்தான் மலையிலிருந்து கொண்டுவந்தேன். உங்களுக்குப் போய்ச் சேரவேண்டியவை. கொடுக்க வழியில்லாமல் நானே வைத்திருக்கிறேன். மேலேயும் கீழேயும் இருப்பது ஒரே செடியா, இரண்டா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல உங்களைப்போலப் படித்த யாராவது வருவார்கள். கீழ்ப்பக்கத்துக் கன்றுகள் இப்போது என் முழங்காலுக்கு வந்துவிட்டன. இறங்குவதற்கு முன் ஒன்றின் எதிரே உட்கார்ந்தேன். பொன்னியம்மா துணி அலசப் போகும்வரை காத்திருந்து, உங்களைப் பற்றி அதனிடம் கொஞ்சம் பேசினேன்.