கிடாரம் இன்னும் என்னிடம்தான்

வீட்டுச் சொந்தக்காரி கடிதம் போட்டிருந்தாள். சூடாக்கும் குழாய்களை மாற்றப் போகிறார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் கெல்லரில், அந்த நிலவறையில், ஒரு சாமானும் இருக்கக்கூடாதாம். நேற்றுப் பின்னேரம் கீழே இறங்கி, பழைய சப்பாத்துகளையும் உடைந்த சைக்கிளையும் இழுத்துப் போட்டேன். அவற்றுக்குப் பின்னால் உம்முடைய கிடாரம் இருந்தது. எண்பது பேருக்குச் சமைக்கிற அந்த அலுமினியக் கிடாரம்தான். மேல் விளிம்போரம் ஆணியால் கீறிய கல்லூரிப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசியாக இருப்பது எங்கள் கல்லூரியின் பெயர். கை விளக்கைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அகதி விடுதியில் ஒரே அறையில் நமக்கு இரண்டு கட்டில் தந்தார்கள், நினைவிருக்கிறதா? நீர் தீவுப்பகுதிக் கல்லூரி ஒன்றில் படித்தவர், நான் நகரத்துப் பெரிய கல்லூரி. முதல் வாரமே நீர் என்னை நக்கலடிக்கத் தொடங்கிவிட்டீர். “உங்கட கொலிச்சில மணிக்கூட்டுக் கோபுரம் நிக்கும், எங்கட கொலிச்சில ஆடு நிக்கும். ஆனா பந்து ரெண்டு இடத்திலயும் உருண்டைதான் ஐசே” என்பீர். பிறகு உமக்குப் பீலெஃபெல்டில் சமையலறைத் தளபாடம் செய்யும் தொழிற்சாலையிலும், எனக்கு வுப்பர்டாலில் ஒரு பட்டறையிலும் வேலை கிடைத்தது. ஜெர்மனியில் சிதறிக் கிடந்த பழைய மாணவர்களைக் கல்லூரிவாரியாகச் சேர்த்து உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துவது என்ற எண்ணம் உம்முடையது. ஜனவரியிலேயே நகராட்சிக்கு அன்ராக் என்ற விண்ணப்பம் எழுதி மைதானம் எடுப்பீர். பிங்ஸ்ரன் என்ற கிறிஸ்தவ விடுமுறைச் சனிக்கிழமை காலையில் நீரே சுண்ணாம்புக் கோடும் போடுவீர்.

கிடாரம் வந்தது முதல் வருடச் சண்டையால். தண்டனை உதை ஒன்றுக்காக இரண்டு கல்லூரிக்காரர் கொடிக்கம்புகளோடு மைதானத்துக்குள் இறங்கியதும், ஜெர்மன்காரக் காவலாளி பொலிசுக்கு ரெலிபோன் எடுக்கப் போனதும் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அடுத்த வருடம் நீர் ஒரு சட்டம் போட்டீர். முதல் ஆட்டத்தில் மோதும் இரண்டு கல்லூரியும் ஆட்டத்துக்கு முன்னர் ஒரே கிடாரத்தில் சாப்பிட வேண்டும். ஒரு கல்லூரி சமைத்துக் கொண்டுவரும், மற்றது சாப்பிட்டுவிட்டுக் கிடாரத்தைக் கொண்டுபோகும். அடுத்த வருடம் கிடாரத்தை வைத்திருப்பவர்கள் முதல் ஆட்டத்தில் இறங்கி, எதிராளிக்குச் சமைக்க வேண்டும். சாப்பிட்ட கல்லூரியின் பெயரை ஆணியால் கீறுவதும் உம்முடைய வேலைதான். “ஒண்டாச் சாப்பிட்டவன்ர காலை ஒருத்தனும் உடைக்கமாட்டான்” என்று ஒலிபெருக்கியில் சொன்னீர். வயிறு நிறைந்தவர்கள் ஓட முடியாமல் முதல் ஆட்டம் ஒவ்வொரு வருடமும் கோல் இல்லாமலே முடிந்தது. அதை ஒருவரும் குறையாக எடுக்கவில்லை.

மார்க் போய் யூரோ வந்த பிறகுதான் பிராங்பேர்ட்டிலிருந்து அந்த ரெலிபோன் அட்டை வியாபாரி வந்தார். ஊருக்குக் கதைப்பதற்கு எல்லோரும் அட்டை வாங்கிய காலம். அவருடைய கை ஓங்கியிருந்தது. வுப்பர்டாலில் ஒரு தமிழ்க் கடையின் மேல்மாடியில் எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டம் நடந்தது. லண்டன், பாரிஸ், சுவிஸ் எல்லாவற்றையும் சேர்த்து எட்டுப் பெரிய கல்லூரிகளுக்கு மட்டும் புதிய லீக் தொடங்கப் போவதாக அவர் சொன்னார். உடுப்பு, பஸ், தங்குமிடம் எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு மேல், ஊரில் செல் குண்டு விழுந்து உடைந்த எங்கள் கல்லூரி விஞ்ஞானகூடத்துக்குக் கூரையும் போட்டுத் தருவாராம். ஒரே நிபந்தனை, வேறு போட்டிகளில் விளையாடக்கூடாது. அவருடைய லீக்கும் அதே பிங்ஸ்ரன் சனிக்கிழமைதான். சின்னக் கல்லூரிகளையும் சேர்க்க முடியாதா என்று நான் கேட்டேன். “தீவுப் பள்ளிக்கூடத்தின்ர ஆட்டத்துக்கு ஆர் டிக்கெற் எடுப்பினம்?” என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கூரை என்ற சொல்லோடு கூட்டம் முடிந்துவிட்டது. கூரை வேண்டாம் என்று எந்தப் பழைய மாணவன் சொல்லுவான்? எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையதும் உயர்ந்தது. அதை நான் இன்றுவரை உமக்குச் சொன்னதில்லை.

அந்த வருடம் கிடாரம் உங்களிடம் இருந்தது. குலுக்கலில் முதல் ஆட்டத்துக்கு உங்களுக்கு எதிராக விழுந்தது எங்கள் கல்லூரி. முதல் தடவையாக எங்களோடு மோதப் போகிறீர்கள் என்று ரெலிபோனில் சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டீர். அதற்குப் பிறகுதான் எங்கள் கூட்டம் நடந்தது. விலகல் கடிதத்தைச் சங்கத் தலைவர் போடுவார் என்று நான் இருந்தேன். நான் உம்முடைய சிநேகிதன், நானே சொல்லிவிடுவேன் என்று தலைவர் இருந்தார். நடுவில் இரண்டு தடவை உமக்கு ரெலிபோன் எடுத்தேன். இரண்டு தடவையும் உம்முடைய முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

பிங்ஸ்ரன் சனிக்கிழமை பிராங்பேர்ட் பக்கத்தில் ஒரு பெரிய மைதானத்தில் நின்றேன். புதிய உடுப்பில் ரெலிபோன் அட்டையின் பெயர் நெஞ்சு முழுக்க இருந்தது, கல்லூரிச் சின்னம் தோள்மூட்டில் ஒரு முத்திரை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பகல் பன்னிரண்டரைக்கு என் கைபேசி அடித்தது.

“ஐசே, எங்க நிக்கிறியள்? சாப்பாடு ஆறுது.”

எனக்குப் பின்னால் ஒலிபெருக்கி எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லி, பாரிஸ் அணியோடு மோத அழைத்தது. அது உமக்கும் கேட்டிருக்கும். “ஓம். சரி” என்று சொல்லி வைத்துவிட்டீர்.

அன்று பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தபோது, வெயில் இன்னும் இருந்தது. என் வீட்டு வாசலில் உம்முடைய கார் நின்றது. பின்கதவைத் திறந்து கிடாரத்தை இறக்கிக்கொண்டிருந்தீர். அரைவாசிக்கு மேல் ஆட்டிறைச்சிப் புரியாணி அப்படியே இருந்தது. “உங்கட ஆக்களின்ர பங்கு. நாலு வீட்டுக்குக் குடும்” என்றீர்.

எனக்கு ஒன்றும் செய்ய ஏலாமல் போய்விட்டது என்று ஏதேதோ சொன்னேன். கூரையைப் பற்றியும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் நீர் சொன்னீர்:

“காசுக்கு முன்னால உமக்கு ஒண்டும் செய்ய ஏலாதெண்டு எனக்குத் தெரியும். எனக்கும் ஏலாது. ஆனா சொல்லவுமா ஏலாமப் போச்சு?”

தேநீர் குடிக்காமல் காரில் ஏறினீர். கிடாரத்தை அடுத்த வருடம் கொண்டுவரச் சொன்னீர். நீர் போன பிறகுதான் விளிம்பைப் பார்த்தேன். எங்கள் பெயரைக் காலையிலேயே கீறி வைத்திருந்தீர்.

அடுத்த வருடம் என்று ஒன்று வரவில்லை. பெரிய கல்லூரிகள் போன பிறகு மிச்சம் நின்றவர்களை வைத்து மைதானம் எடுக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். உங்கள் அணியின் நல்ல ஆட்டக்காரர் இரண்டு பேரை எங்கள் சங்கமே இழுத்துக்கொண்டது. எங்கள் கல்லூரிப் படலையையே காணாத பெடியள், எங்கள் சின்னத்தைத் தோளில் குத்திக்கொண்டு ஓடினார்கள். அதைக் கேட்க ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் ஆட்கள் இன்டர்நெற்றில் கதைக்கத் தொடங்கினார்கள், அட்டை வியாபாரம் படுத்தது, அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். லீக்கும் அதோடு போயிற்று. விஞ்ஞானகூடத்துக்கு அரைக் கூரை வந்தது. மழை மற்றப் பாதியால் இறங்குகிறது என்று ஊரிலிருந்து அதிபர் எழுதியிருந்தார்.

போன இலையுதிர்காலத்தில் வேலையிடத்தில் உமக்கு நெஞ்சு வலித்தது என்ற செய்தியும், நீர் இல்லை என்ற செய்தியும் ஒரே ரெலிபோனில் வந்தன. முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கிடாரத்தைத் தேய்த்துக் கழுவிக் காரில் ஏற்றிக்கொண்டு பீலெஃபெல்டுக்கு வந்தேன். உம்முடைய மனைவி வாசலில் நின்று அதைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

“அண்ணை, வெறும் கிடாரமாத் திரும்பி வந்தா அவர் வாங்கமாட்டார். நிரப்பிக்கொண்டு வாங்கோ” என்றார்.

ஆருக்கு நிரப்புவது என்று கேட்டேன். அது தனக்கும் தெரியவில்லை என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். நாங்கள் விலகிவிட்டோம் என்று அந்தப் பிங்ஸ்ரனுக்கு முன்னமே இரண்டு பேர் உம்மிடம் வந்து சொன்னார்களாம். நீர் நம்பவில்லையாம். “அப்பிடியெண்டா அவர் எனக்குச் சொல்லாம விடமாட்டார்” என்று சொல்லி, வெங்காயம் வெட்டச் சொன்னீராம்.

கிடாரத்தோடு திரும்பி வந்தேன். வந்த கிழமையே பழைய ஆட்களுக்கு ரெலிபோன் எடுத்துப் பார்த்தேன். உம்முடைய பெயரில் ஒரே ஒரு ஆட்டம், சாப்பாடு என்னுடையது என்றேன். ஒருவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, ஒருவர் லண்டனுக்குப் போய்விட்டார், உங்கள் அணியிலிருந்து நாங்கள் இழுத்த பெடியள் இரண்டு பேரும் எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள். தலைவர் நல்ல யோசனை என்றார், பிறகு ரெலிபோன் எடுப்பதாகச் சொன்னார். எடுக்கவில்லை.

அதன் பிறகு கிடாரத்தைக் கெல்லரில் சைக்கிளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். நேற்று அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தேன். இடையில் இரண்டு தடவை இருந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இப்போது அது குசினி மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது, என் மனைவி அதைச் சுற்றித்தான் நடக்கிறாள். எவ்வளவு நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை. இந்த மடலை அதன் மூடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். வேறொன்றும் எனக்கு இப்போதும் செய்ய ஏலாது. ஆனால் அன்று மாதிரி முழங்காலைப் பற்றிக் கதைத்துவிட்டு வைக்காமல், அன்று சொல்ல வேண்டியிருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஐசே, இந்தப் பிங்ஸ்ரன் சனிக்கிழமை நாங்கள் வரமாட்டோம். காசு வாங்கிவிட்டோம். நானும் கை உயர்த்தினேன். நீர் சமைக்க வேண்டாம்.