பங்காளிகளின் பாஸ்வேர்டு

17.2.2009, செவ்வாய்
காலையிலேயே வெயில். தேனியிலிருந்து போடி வரை பஸ்ஸில் நின்றபடி. செய்ய வேண்டியவை: சென்னைக் கம்பெனிக்குப் பதில் மெயில், போட்டோ மூன்று, அனுபவச் சான்றிதழ். கடைசியது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். ஏழு மாதமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு வந்த ஒரே அழைப்பு. கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை. ஒரு வருஷம் வேலை பார்த்ததற்கு முதலாளி கையெழுத்து வேண்டுமாம்.

முதலாளி, இனி மு., ஏலக்காய் வியாபாரி. சாயங்காலம் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடுவார். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். இன்று வாசலில் மூட்டை இறக்கும் இடத்தில் நின்று கத்தினார். "ஏம்மா, டெல்லிக்காரன் மெயில் போட்ருக்கானா பாரு. பாஸ்வேர்டு எங்க குலசாமி பேருதேன்." தெருவுக்கே கேட்டது. அந்தப் பேரை நான் இங்கேகூட எழுத மாட்டேன்.

19.2, வியாழன்
டெல்லி ஆர்டர் போச்சு. இந்த மாதம் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் எதிர்க்கடைக்காரர் கொஞ்சம் குறைத்துச் சொல்லி வாங்கிவிடுகிறார். அவர் மு.வுக்குப் பங்காளி. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் குலசாமி ஒன்றுதான்.

மெயில் பக்கத்தின் அடியில் கடைசியாக எப்போது திறந்தது என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறது. ஞாயிறு எங்கள் கடை லீவு.

மு.விடம் சொன்னேன், பாஸ்வேர்டையும் மாற்றிக் கொடுத்தேன். நல்ல வார்த்தை எதிர்பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "களவாங்கத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

20.2, வெள்ளி
சான்றிதழ் கேட்டேன். மு. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், ஒரு வருஷத்தில் முதல் முறை. "எதிர்க்கடைக்காரனுக்கும் அதே சாமிதான. அவன் மெயிலத் தொறந்து, என்ன வெல போட்ருக்கான்னு பாத்துச் சொல்லு. கையோட லெட்டர வாங்கிக்க."

ஒரு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் வழி முழுக்க அதே நினைப்பு. ஆசையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். இதைச் செய்துவிட்டு அந்த வேலையில் போய் உட்கார்ந்து எதைப் பாதுகாக்க? கருமம்.

அம்மாவிடம் சொன்னேன். "இது போலீசு வேலையா, களவாணி வேலையாடி? பேசாம பேங்குப் பரீட்சை எழுது." குழம்பில் உப்பில்லை. அதற்கும் ஒரு சண்டை.

21.2, சனி
மு.விடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். மதியம் எதிர்க்கடைக்கே போனேன். உங்கள் பாஸ்வேர்டு எங்கள் கடைக்குத் தெரியும், மாற்றிவிடுங்கள் என்றேன். பங்காளி மவுசைக் கையால் பொத்திக்கொண்டார், நான் பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிற மாதிரி. "ஒங்க மொதலாளி அனுப்புனாகளா? அங்கன போயிச் சொல்லு, நான் ஏமாற மாட்டேன்னு." சிரிப்பும் எரிச்சலும்.

24.2, செவ்வாய்
நேற்று சிவராத்திரி. இருவரும் குலசாமி கோயிலில் சந்தித்துப் பேசிக்கொண்டார்களாம். மூன்று வருஷப் பகை என்னைத் திட்டியதில் தீர்ந்தது. இன்று காலை கடையில் சேர்ந்தே உட்கார்ந்து கோயில் பொங்கல். மெயிலைத் திருடிப் படித்தவருக்கு இரண்டாம் முறை பரிமாறுகிறார் மு. "பொட்டப்பிள்ளைய கம்ப்யூட்டர்ல ஒக்கார வச்சது நம்ம தப்புய்யா."

என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அப்போதும் லெட்டர் கேட்டேன். ரோஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கொடுத்தார். சொல்லச் சொல்ல என்னையே டைப் அடிக்க வைத்தார். "மேற்படியார் எங்களிடம் ஓராண்டு கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். அடுத்தவர் பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. இவரிடம் எச்சரிக்கையாக இருக்கவும்." கையெழுத்து, சீல். பங்காளி உரக்கப் படித்துக் காட்டினார். இருவருக்கும் ஒரே சிரிப்பு. பாழாய்ப் போகட்டும்.

26.2, வியாழன்
சனிக்கிழமை இண்டர்வியூ. சென்னைக்கு டிக்கெட் எடுத்தாச்சு. அம்மா இன்னும் பேசவில்லை. லெட்டர் மூன்று ஜெராக்ஸ், ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. திறக்கச் சொன்னபோது திறக்க மாட்டேன் என்றதை மு. அதில் சேர்க்கவில்லை. அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.