சின்ன ர, பெரிய ற

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

காலையில் ஜன்னல் கட்டையைத் துடைத்தேன். மத்தியானம் மறுபடி. திருமலைராயன்பட்டினத்தில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. கப்பலிலிருந்து கிடங்குக்கு நிலக்கரி இறக்கும் நாளில் துவைத்த துணியைக் கொல்லையில் போட முடியாது.

பக்கத்து வீட்டு ரோஷன் பேகத்தின் மகள் ஆஃப்ரின் ட்யூஷனுக்கு வந்தாள். ஒன்பது வயது. ஜன்னல் கட்டைத் தூசியில் விரலால் ‘கறி’ என்று எழுதி, “டீச்சர், இது கெடங்குலேர்ந்து வந்தது” என்றாள். “அது திங்கிற கறி. இதுக்குச் சின்ன ர” என்று பக்கத்தில் எழுதிக் காட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியை. கடைப் பலகையில் பிழை கண்டால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. அஞ்சுகம் டீச்சர் தலை தெரிந்தால் பாதிக் கடைக்காரர்கள் குனிந்து எதையோ தேடுவார்கள்.

பாடத்தின் நடுவில் பிள்ளைக்கு இளைப்பு வந்துவிட்டது. இன்ஹேலரை இரண்டு தடவை உறிஞ்சிய பிறகுதான் தோள் இறங்கியது. போன வருஷம் ஒரு தடவை போதும்.

2 மே, வெள்ளி

கடற்கரைத் தரிசில் இரண்டாவது நிலக்கரிக் கிடங்கு வரப்போகிறதாம். ஜூன் 12 மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ரோஷன் அறிவிப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“வேணாம்னு மட்டும் சொன்னா எழுதி வச்சுட்டுப் போயிடுவாங்க டீச்சர். அந்த இடத்துல வேற என்ன வேணும்னும் நாமளே சொல்லணும்” என்றாள். அதே தரிசில் சூரிய மின்தகடுகள். மீனவர்களின் ஐஸ் பிளாண்டுக்கும் வயல் மோட்டார்களுக்கும் பகல் முழுக்க மின்சாரம். கணவர் ஃபயாஸ் குவைத்தில் இந்த வேலைதான் பார்க்கிறார். அவரிடம் கேட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எனக்குக் கூட்டம் சேர்த்துப் பழக்கமில்லை. அவளுக்கு மட்டும் இருக்கிறதா என்ன? ஆஃப்ரின் இருக்கிறாள். அது போதும் அவளுக்கு.

9 மே

விழிதியூர். விவசாயிகள் சங்கத்து அம்பலவாணன் மோரை நீட்டிவிட்டு, “தூசி எங்க வயல் வரைக்கும் வரல டீச்சர். நாங்க எதுக்கு வரணும்?” என்று நேராகவே கேட்டார். நான் சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்தேன். பாடம் எடுப்பது போலிருந்தது, எனக்கே தெரிந்தது. ரோஷன்தான், “போன வருஷம் நடவு நேரத்துல எத்தனை நாள்ணே மோட்டார் நின்னுச்சு?” என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் பேச்சு பேச்சாக ஆனது.

18 மே, ஞாயிறு

பள்ளிவாசல் மண்டபம் என்றால் ஒருவருக்குத் தயக்கம், கோயில் மண்டபம் என்றால் இன்னொருவருக்கு. கடைசியில் என் வீட்டு மொட்டை மாடி. ஜமாஅத் தலைவர் முகைதீன் பிச்சை, மீனவப் பஞ்சாயத்தார் நாலு பேர், விழிதியூரிலிருந்து ஆறு பேர். முதல் அரைமணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐஸ் விலை, டீசல் விலை என்று பேச்சு வந்ததும் நாற்காலிகள் தானாகக் கிட்டே வந்தன.

முடிவு: மூன்று தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்து. கூட்டத்துக்கு ஆள் திரட்டி வருவது. முகைதீன் பிச்சை படியிறங்கும்போது, “நம்ம மூணு பேரும் ஒரு கடுதாசியில கையெழுத்துப் போட்டு நான் பாத்ததில்ல டீச்சர்” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருக்கட்டும், எழுதி வைக்கிறேன்.

1 ஜூன், ஞாயிறு

ராஜ்மோகன் அச்சுக் கடையில் கூட்டத்துக்கான ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். “நிலக்கரின்னு போட்டா எழுத்து சின்னதாயிடும் டீச்சர், ரோட்டுலேர்ந்து தெரியாது” என்றார். சரி, ‘நில’த்தை வெட்டிவிடலாம் என்று அவர் மேஜையிலேயே வேறு தாளில் எழுதிக்கொடுத்தேன். சூரியன் படம் என்பதால் பின்னணி ஆரஞ்சு. அப்போது ரோஷன் போனில்: ஃபயாஸ் ஊருக்கு வருகிறார், பெருநாளன்று கறிச்சோறு அவர்கள் வீட்டில்தான், தப்பக்கூடாது.

அச்சடிக்கும் முன் ஒருதரம் பார்க்கிறீர்களா என்று ராஜ்மோகன் கேட்டார். நான் எழுதியதை நானே சரிபார்ப்பதா? தேவையில்லை என்றேன்.

4 ஜூன், புதன்

‘எங்கள் ஊரில் கறி வேண்டாம்.’

எட்டு இடத்தில். சுருளைப் பிரிக்காமலே நேற்று ராத்திரி கட்டக் கொடுத்துவிட்டேன். ஆரஞ்சு நிறத்தில். பக்ரீத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது. இரண்டு ஃப்ளெக்ஸ் கறிக்கடைகளுக்கு எதிரிலேயே. கீழே மூன்று அமைப்புகளின் பெயரும் பொடி எழுத்தில் இருக்கிறது. போனில் சுற்றுகிற படத்தில் அந்தப் பகுதி இல்லை. யாரோ வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். யார்? காரைக்கால் பூராவும் போய்விட்டதாம்.

மத்தியானத்துக்குள் எட்டையும் கழற்றியாகிவிட்டது. கழற்றி என்ன செய்ய?

5 ஜூன்

ராஜ்மோகன் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே எழுத்தை மாற்றினான் என்று பேச்சு. என் வாசலில் வந்து நின்றார். “நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் டீச்சர் அடிச்சேன். தாளை பில்லோட மடிச்சு உங்ககிட்டயே குடுத்துட்டேனே. கொஞ்சம் பாருங்க.” பார்க்கிறேன் என்றேன்.

பார்த்தேன். என் கையெழுத்து. பெரிய ற. வளைவுகூட அழகாக, கரும்பலகையில் போடுவது மாதிரி.

எப்படிப் போட்டேன்? எந்த நினைப்பில்? கறிச்சோறா?

அடுப்பைப் பற்றவைத்து அந்தத் தாளை எரித்துவிட்டேன். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

6 ஜூன்

ராஜ்மோகன் போன் செய்தார். தாள் கிடைக்கவில்லை என்றேன்.

7 ஜூன், சனி

பெருநாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

8 ஜூன்

அம்பலவாணன் வந்தார், உட்காரவில்லை. “நாங்கதான் சொல்லி மாத்த வச்சோம்னு பட்டினத்துல பேசிக்கிறாங்க. வீடு வீடா வந்து கூப்பிட்டது நீங்க. இப்ப சந்தேகம் எங்க மேல. எங்க ஆளுங்க வர மாட்டாங்க டீச்சர்.” மீனவப் பஞ்சாயத்தில் இந்த நேரத்தில் கூட்டம் கீட்டம் வேண்டாம், அடிதடியாகிவிடும் என்று முடிவெடுத்துவிட்டார்களாம்.

ராஜ்மோகன் வீட்டுக்காரம்மா தெருவில் என்னைப் பார்த்தாள். “சாப்டீங்களா டீச்சர்?” என்றாள். சீ, என்ன பிறவி நான்?

9 ஜூன், திங்கள்

முகைதீன் பிச்சையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ராஜ்மோகன் மேல் தப்பில்லை, எழுதினது நான்.

அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “டீச்சர், என் மூணு புள்ளைங்களும் உங்ககிட்டதான் படிச்சாங்க. ஒரு ற மாறுனதுக்கு நூறு தடவை எழுதச் சொன்னவங்க நீங்க. உங்க கையில அந்தத் தப்பு வரும்னு நான் எங்க போய்ச் சொல்றது? அந்த ஆளைக் காப்பாத்தச் சொல்றீங்க. நல்ல மனசுதான். ஆனா யாரும் நம்ப மாட்டாங்க.”

“உண்மைங்க.”

“அப்ப அந்தத் தாளைக் காட்டுங்க. ஜமாஅத்துல வச்சு நானே படிச்சுக் காட்டுறேன்.”

நல்ல பேர் எடுக்க முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று. இன்று அதுவே குறுக்கே நின்றது. காட்டத் தாள் இல்லை.

10 ஜூன்

ரோஷனிடமும் சொன்னேன். அவள் நம்பினாள். அவள் ஒருத்திதான். “தாள் எங்க டீச்சர்?” என்றாள்.

“எரிச்சிட்டேன்.”

“எப்ப?”

“வியாழக்கிழமை.”

அவள் விரல் விட்டு நாளை எண்ணினாள். “அன்னைக்கே கொண்டுவந்திருந்தா எல்லாரையும் திரும்பக் கூட்டியிருக்கலாம். பெருநாளைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, அவ்வளவுதான்.” குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆஃப்ரினுக்கு இனி ட்யூஷன் வேண்டாமாம்.

12 ஜூன், வியாழன்

கல்யாண மண்டபம். எண்ணூறு நாற்காலி. கிடங்குக்காரர்கள் மூன்று பஸ்ஸில் ஆள் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒன்பது பேர். ரோஷன் வந்தாள், நோட்டைப் பிரித்து மின்தகடு, ஐஸ் பிளாண்ட், மோட்டார் எல்லாவற்றையும் முழுசாகப் படித்தாள். மனுவில் மூன்று கையெழுத்து இருக்கிறதே, போட்டவர்கள் எங்கே என்று மேடையில் கேட்டார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்து நின்று ஏதோ சொன்னேன். மைக் என் பக்கம் வரவில்லை.

3 ஜூலை

அனுமதி கிடைத்துவிட்டதாம்.

22 ஆகஸ்ட்

ஆஃப்ரினை இரண்டாவது முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கூட்டிவந்தார்கள். இந்த ஊரில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருச்சியில் ஃபயாஸின் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். சாமான் ஏற்றும்போது பிள்ளை ஓடிவந்து, “டீச்சர், போயிட்டு வர்றேன்” என்றது. ரோஷன் வாசலிலிருந்தே, “வர்றோம் டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு மரியாதை தவறாது.

14 அக்டோபர்

ராஜ்மோகன் கடையை மூடிவிட்டார். சாவியைக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தவர் எதிரில் வந்தார். சொன்னேன். தாளைக் கண்டதும், எரித்ததும், எல்லாம்.

“எனக்குத் தெரியும் டீச்சர்” என்றார். “அடிச்சவன் நாந்தானே.”

7 டிசம்பர், ஞாயிறு

புதுக் கிடங்குக்கு முதல் கப்பல் வந்திருக்கிறது. காலையில் துடைத்தேன், பத்து மணிக்கு ஒருதரம், மத்தியானம் ஒருதரம். பக்கத்து வீட்டு ஜன்னல் கட்டையைத் துடைக்க ஆளில்லை. கறுப்பு விரல்கடை கனத்துக்குப் படிந்திருக்கிறது. சாயங்காலம் துணியோடு அங்கே போனேன். துடைப்பதற்கு முன், என்னவோ தோன்றி, விரலால் எழுதிப் பார்த்தேன். கரி. சின்ன ர. சரியாகத்தான் வந்தது.

பிறகு துடைத்தேன்.