உயரமான வண்டிக்கு ஒரு படி

"வண்டிக்கு எத்தனை மார்க் போடுவே டீச்சர்?" என்று, கட்டிய மனைவியையே டீச்சராக்கி நீங்கள் கேட்டது இன்று காலை நினைவுக்கு வந்தது. புது ரப்பர் மிதியடியின் வாடைதான் காரணம். எதிர்வீட்டுக் கவிதா ஷோரூமிலிருந்து ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்து வந்திருந்தாள். என்னிடம் அறிவியல் படித்தவள். இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். நீங்கள் வைத்திருந்ததைப் போலவே பெட்டி மாதிரி, உயரமாக, பின்கதவில் ஸ்டெப்னி மாட்டிய ஜீப் வகை வண்டி. காடு மேடெல்லாம் போகும் என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அது. கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. நாம் முதல் நாள் துடியலூரிலிருந்து காரமடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியதும், இறங்கியவுடன் நீங்கள் அப்படிக் கேட்டதும் கூடவே நினைவுக்கு வந்தன.

"மிஸ், நீங்க வருசக்கணக்கா வெச்சிருந்தீங்க. தினசரி ஓட்டறதுக்கு இது ஆகுங்களா?" என்று கவிதா கேட்டாள்.

உங்களுக்கே நான் அன்றைக்கு உடனே பதில் சொல்லவில்லை. ஒரு பரீட்சையை வைத்து மார்க் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை, வெயில் மழை எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வண்டிக்குமா முழு ஆண்டுத் தேர்வு என்று நீங்கள் சிரித்தீர்கள்.

உங்களுக்கு அந்த வண்டி தேவைப்பட்டது உண்மை. பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, அன்னூர்த் தோட்டத்தை நேரில் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தீர்கள். மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டம் வரைக்கும் மண் தடம். மழை பெய்தால் சேறு. பழைய கார் அங்கே ஒருமுறை புதைந்து, பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துப் போட்டது. அதன் பிறகு வேறு எந்த வண்டியையும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

சேற்றில் அது நன்றாகப் போனது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது நமக்கே ஒரு தைரியம் வரும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கி, சின்னக் கார்களெல்லாம் ஓரமாக நின்ற நாளில், நாம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அன்று உங்கள் முகத்தை நீங்களே பார்த்திருக்க வேண்டும். ஆனால் காந்திபுரம் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து உங்கள் இடது முழங்கால் வலித்தது. டீசல் கணக்கை நான் கேட்பதும் இல்லை, நீங்கள் சொல்வதும் இல்லை. நம் வீதியில் ஒரே வளைப்பில் திரும்பாது; ஒவ்வொரு முறையும் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பெரிய டயரின் இரைச்சலில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. அதை மட்டும் நீங்கள் குறையாகச் சொன்னதில்லை.

பின் சீட்டு வேறு உலகம். வளைவில் முன்னால் இருப்பவருக்கு ஸ்டீயரிங் பிடிமானம். பின்னால் இருப்பவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வார். வகுப்பில் இதற்கு நான் குடத்தை உதாரணம் சொல்வேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புவது சுலபம், தலையில் வைத்துக்கொண்டு திரும்பினால் ஆட்டம் தெரியும். உயரமான வண்டி தலையில் குடம் வைத்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஓட்டுகிறவருக்கு முதல் வகுப்பு, பின்னால் உட்காருகிறவருக்கு ஜஸ்ட் பாஸ் என்று மார்க் போட்டேன். ஒப்புக்கொள்ளவில்லை நீங்கள். "பின்னால உக்காந்தவிய ஒருத்தராச்சும் குறை சொல்லியிருக்கறாங்களா?" என்று கேட்டீர்கள்.

யாரும் சொல்லவில்லைதான். ஏறிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "ராசாவாட்டம் இருக்குதுங்க" என்றுதான் இறங்கினார்கள். அடுத்த கல்யாணத்துக்கு நம் வண்டியில் வரச் சொன்னால், நீங்க முன்னால போங்க, நாங்க பின்னாலேயே வாரமுங்க என்றார்கள். நம் ஊர்ப் பக்கத்து மரியாதை அப்படி. ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய பொருளை முகத்துக்கு நேரே குறை சொல்வது, அவர் வீட்டுச் சோற்றைக் குறை சொல்வது போல. அந்த மரியாதையைத்தான் நீங்கள் மார்க்காக எடுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் அக்கா, என் நங்கை, மாதம் ஒருமுறை சர்க்கரைக்கு டாக்டரைப் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வருவார். பழைய காரில் நீங்களே போய் அழைத்து வருவீர்கள். இரண்டு நாள் நம் வீட்டில் தங்குவார். அந்த இரண்டு நாளும் உங்கள் இருவர் பேச்சுக்கு நடுவில் எனக்கே இடம் கிடைக்காது. தாய் இல்லாத வீட்டில் உங்களைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

புது வண்டியிலும் சில மாதங்கள் வந்தார். பிறகு, எதுக்குக் கண்ணு அவ்வளவு தூரம் அலையறே, நான் பஸ்ஸுலயே வாரேன் என்றார். பிறகு காங்கேயத்திலேயே நல்ல டாக்டர் வந்திருக்கிறார் என்றார். பிறகு வரவே இல்லை. போனில் பேசினால் எப்போதும் போலப் பேசினார். வருவதைப் பற்றிப் பேச்செடுத்தால் தென்னைக்குத் தண்ணீர் விடும் ஆள் வரவில்லை என்பார்.

நீங்கள் உள்ளுக்குள் உடைந்துபோனீர்கள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அக்காளுக்கு நம்ம மேல ஏதோ வருத்தம். நீ ஏதாச்சும் சொல்லிப்போட்டயா?" என்று என்னிடமே கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உங்கள் கண்ணைப் பார்த்த பிறகு கோபப்பட முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் போனோம். நேராகக் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டோம், மழையைப் பற்றிப் பேசினோம், செக்கு எண்ணெய் கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது, சிவன்மலைக்குப் போய்விட்டு வரலாம் வா அக்கா என்றீர்கள். கோவிலுக்கு என்றால் அவரால் மறுக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் அவருக்குத் துணையாக முதலிலேயே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் பார்க்க முடிந்தது. நங்கையின் ஒரு கை சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கை கதவைப் பிடித்தது; கதவு நகர்ந்தது. சீட்டின் விளிம்பைப் பிடித்தது, வழுக்கியது. பஸ் படியும் உயரம்தான், ஆனால் அங்கே இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறது. இங்கே அந்தக் கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் நான் என் கையை நீட்டினேன். ஏறி உட்கார்ந்ததும், நெற்றி வியர்வையைத் துடைக்கும் முன்னால், "சோபாவாட்டம் இருக்குது கண்ணு" என்றார். நீங்கள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தீர்கள்.

மலை மேல் வரைக்கும் வண்டி சிரமமே இல்லாமல் ஏறியது. கோவில் வாசலில் நிறுத்தியதும் அவர், "நீங்க ரண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்து கும்புட்டுக்கறேன்" என்றார். கிருத்திகைக்குக் கிருத்திகை இந்தக் கோவிலுக்கு வருகிற மனுஷி. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"நங்கைக்கு நம்ம மேல வருத்தம் இல்லீங்க. ஏறி எறங்க முடியலீங்க," என்றேன்.

நங்கை சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏன் அக்கா சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள்.

"நீ ஆசப்பட்டு வாங்குன வண்டி கண்ணு. அதப் போயி உசரம்னு நான் சொல்லுவனா?"

அடுத்த நாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனீர்கள். கடையில் விற்கும் படி அழகுக்குத்தான், அக்கா காலுக்கு எட்டாது என்று சொல்லி, இன்னும் கீழே தொங்குகிற மாதிரி ஒரு அகலப் படியை வெல்டிங் வைக்கச் சொன்னீர்கள். பின் சீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்து ஏற ஒரு கம்பி. தம்பி மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். அடிப்பாகம் உயரமாக இருப்பதற்காகத்தானே இந்த வண்டியை வாங்கியது, படி வைத்தால் தோட்டத்துத் தடத்தில் இடிக்குமே என்றான். "அப்பறம் எதுக்குங்க பெரியப்பா இந்த வண்டி?"

"மழைக்குத்தான் சேறு. அக்கா மாசாமாசம் வரோணும்," என்றீர்கள்.

அவன் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. வாய்க்கால் மேட்டைத் தாண்டும்போதெல்லாம் படி தரையில் உரசும். நீங்கள் இறங்கிப் பார்ப்பீர்கள், மறுபடி ஏறிக்கொள்வீர்கள். கனமழை நாட்களில் வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போனீர்கள். நங்கை மறுபடி மாதாமாதம் வந்தார். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வண்டியைத் தம்பி மகன் வைத்திருக்கிறான். புது டயர் போட்டான், பாட்டுப் பெட்டி மாற்றினான், படியைக் கழற்றவில்லை. நங்கை இப்போதும் அதில்தான் வருகிறார். வந்தால் என்னோடு பேசுகிறார். பாதிக்கு மேல் உங்களைப் பற்றித்தான்.

இன்று காலை கவிதாவின் மாமியாரும் வீதிக்கு வந்திருந்தார். மருமகள் முன்னால் உட்கார்ந்து திரையைத் தொட்டுத் தொட்டு எனக்குக் காட்டினாள். அவர் பின்னால் ஏறி இறங்கிவிட்டு, நெம்ப நல்லாருக்குதுங்க என்றார். பார்த்தீங்களா மிஸ், அத்தைக்கே புடிச்சுப்போச்சு என்றாள் கவிதா. அந்த அம்மாள் இறங்கியதை அவள் பார்க்கவில்லை.

வண்டியை வாங்காதே என்று நான் சொல்லவில்லை. சேற்றுக்கும் மேட்டுக்கும் அது நல்ல வண்டி; வீதியில் திருப்பக் கொஞ்சம் பொறுமை வேண்டும், டீசலுக்கு மனசைத் தயார் செய்துகொள் என்றேன். பிறகு, உங்களிடம் கற்றதா, உங்கள் அக்காவிடம் கற்றதா என்று எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னேன். வண்டி வாங்கப் போகிற எல்லோருக்கும் அதையே சொல்வேன். நாளைக்கு மறுபடி ஓட்டிப் பார்க்கும்போது, வீட்டில் குறையே சொல்லாதவர் யாரோ அவரைப் பின் சீட்டில் ஏற்று. எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்காதே. அவர் இறங்கும்போது அவர் கை எதைத் தேடுகிறது என்று பார்.