ஹவீஸின் வயது

லிங்கன்ஷயர்,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்.

என் மகள் ஹவீஸுக்கு,

பனி வழியை அடைக்கும் முன் இது உன் கைக்கு வரட்டும். இருமல் நின்றதா? இங்கே குளிர்காலத்துக்கு மாட்டிறைச்சியை உப்பில் போட்டாயிற்று.

எழுத்தர் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். போகச் சொல்லிவிட்டேன். என் கையெழுத்து கோணல். பொறுத்துக்கொள்.

நேற்று உன் வயது விசாரணை நடந்தது. உனக்குப் பதினாறு ஆகிவிட்டதென்று ஊரார் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்தால் அப்பாவின் நிலம் உனக்கு வரும். அப்பா போனபின் உன்னைத் தன் வீட்டில் வைத்திருக்கும் காப்பாளர் உன்னை அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் தவக்காலத்துக்கு முன் அவர் மகனோடு திருமணம். அவனுடைய முதல் மனைவியைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். உனக்குப் பதினான்குதான். தெரிந்தேதான் மனுப் போட்டேன்.

பெண்களைச் சாட்சி கேட்பதில்லை. தேவாலயத் தூணருகே நின்றிருந்தேன்.

ரால்ஃப் முதலில் எழுந்தார். "நல்லா ஞாபகம் இருக்குங்க. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்குத்தான் பனியில வழுக்கி என் கால் ஒடிஞ்சுது" என்றார்.

"பனி மேல பழியப் போடாதடா. அது பீரு" என்றார் தச்சர் வால்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ பிறந்தது அறுவடையின்போது.

உனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். இதுவரை சொன்னதில்லை. பதினோரு மாதம்தான் இருந்தாள். அவள் பெயரைத்தான் உனக்கும் வைத்தோம்.

ஒவ்வொருவராக அவளைத்தான் நினைவுகூர்ந்தார்கள். ஒருவர் அவள் அழுத அழுகையை. ஒருவர் செம்பட்டை முடியை. இத்தனை வருடங்களில் அவளைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. இன்னும் பேசட்டும் என்றிருந்தது. அழ முடியவில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைக்காக யார் அழுவார்கள்?

கடைசியாக வால்டர். அவளுக்குச் சவப்பெட்டி செய்தவர் அவர். கை நற்செய்தி நூலின் மேல் இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு, "ஆமாங்க, அந்தப் பிள்ளதான். தொட்டில் நான்தான் செஞ்சேன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

விசாரணை நடத்திய அதிகாரி எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பினார். "பொண்ணு சௌக்கியமா இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

இருக்கிறாள் என்றேன்.

நீ வரலாம், ஹவீஸ். யார் கேட்டாலும் பதினாறு என்று சொல். பனிக்காலத்தில் பிறந்தேன் என்று சொல். இதைப் படித்ததும் நெருப்பில் போடு. இங்கே வந்தபின், தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம் உள்ள அவளுடைய சின்னக் கல்லருகே நிற்காதே. நானும் இனி அங்கே போக முடியாது.

சீக்கிரம் வந்துவிடு. கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அம்மா,
மாபெல்