வத்தல் மேல் போட்ட பழி

சங்கரன்கோவில், ஐப்பசி 14, வெள்ளி. மழை.

மழை வந்தால் மிளகாய் வத்தல் நமுத்துப்போகும் என்று, மூட்டைகள் அடுக்கியிருக்கும் கிட்டங்கியின் கதவுகளை அடைத்துவிடுவோம். அடைத்த கதவுக்குள் மூட்டை தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்டை ஓட்டுவது நான்தான். லோடுமேன்கள் இருமினால் வத்தல் நெடி என்போம். நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன்.

புது வண்டியும் டீசலிலேயே வாங்கப்போவதாக முதலாளி இன்று சொன்னார். புகை விடாத பேட்டரி வண்டி வாங்கச் சொன்னேன்.

"கரண்டு போனா தள்ளிக்கிட்டா போவ? இருமல் வத்தலால வருதுலே."

"ராத்திரியே சார்ஜ் போட்டுக்கிடலாம் அண்ணாச்சி. பழைய வண்டி ஒர்க்‌ஷாப்ல கிடந்த நாலு நாளும் வத்தல் இங்கனதான கிடந்துச்சு? மூட்டையத் தலையிலதான் சுமந்தாவ. ஒருத்தரும் இருமலையே!"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இஷ்டம்னா ஓட்டு. இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

வண்டியை ஸ்டார்ட் செய்தேன். "கதவ அடைச்சுட்டு பத்து நிமிஷம் உள்ள நில்லுங்க. பொறவு எந்த வண்டின்னு நீங்களே சொல்லுங்க."

அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வண்டியை அணைத்து, சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை வழக்கம்போல எட்டு மணிக்குப் போவேன். லோடுமேன்களோடு மூட்டையைத் தலையில் சுமப்பேன். அந்தச் சாவியைத் தொட மாட்டேன்.